அரண்மனை பார்க்க வந்தவர்

எங்கள் அய்யாவுக்கு அரண்மனைப் பைத்தியம் என்று ஊரில் எல்லாரும் கேலி பேசினார்கள். ஆர்.எஸ்.மங்கலத்துக் கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போட்ட மனிதர், வருஷம் தவறாமல் நவராத்திரி சமயத்தில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிவிடுவார். கேட்டால், "ராசா அரமணையப் பாத்துட்டு வாரேன்" என்பார். ஜமீன் ஒழிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. இனிமேல் அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று சித்தப்பா நக்கலடிப்பார். அய்யா பஸ்ஸுக்குச் சில்லறையை எண்ணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவர் பார்க்க வந்தது என்னை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில், அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கும்வரை பெற்றவர்கள் கை நனைக்க மாட்டார்கள். சோற்றை விடுங்கள், ஒரு செம்புத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் பிள்ளை பிறந்துவிடும். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அதனால் இந்த வழக்கம் யாருக்கும் பெரிய பாரமாகத் தெரிந்ததில்லை. எனக்குத் தெரிந்தது. ராமநாதபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்து ஏழு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை.

அம்மா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து கல்யாணத்துக்கு முதல் நாள்வரை அய்யா சாப்பிட்டதெல்லாம் என் கையால் ஆக்கிய சோறுதான். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் என் வீட்டுக்கு வந்து வெறும் வயிற்றோடு திரும்பினால் அக்கம்பக்கத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? "இன்னும் ஒண்ணும் இல்லையா?" என்று வாசலிலேயே விசாரணை ஆரம்பித்துவிடும். அதற்குப் பயந்துதான் அவர் அரண்மனையைப் பிடித்துக்கொண்டார். அரண்மனைக்கு யாரும் வரலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். அவர் வரும் நாளில் நானும் அங்கே போய்விடுவேன்.

அரண்மனை வாசலில் இருந்த காவல்காரர் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். அய்யாவைக் கண்டதும், "வாங்க, சுவத்துல படம் எல்லாம் பத்திரமா இருக்கு" என்று சிரிப்பார். அய்யா செருப்பைப் பெரிய வாசலுக்கு வெளியிலேயே கழற்றிவிடுவார். "இப்ப எதுக்குய்யா? ஜமீன்தான் போயிருச்சே" என்பேன். "பழகின காலு ஆத்தா, அதுக்கு யாரு போய்ச் சொல்றது?" என்பார்.

உள்ளே பெரிய மண்டபம் குளிர்ந்து கிடக்கும். வௌவால் நாற்றம் லேசாக அடிக்கும். சுவர் முழுக்க, கூரை முழுக்கப் படங்கள்: ராமாயணக் காட்சிகள், யானைகள், சண்டைகள். ஒரு சுவரில் ராஜா வெள்ளைக்காரர்களைத் தர்பாரில் சந்தித்துக்கொண்டிருப்பார். முதல் வருஷம் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அய்யாவும் படங்களைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துத் திரும்பினால், அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வளையல் கழண்டு விழுகுற மாதிரி இருக்கே. சாப்புடுறியா இல்லையா?" என்றார்.

மத்தியானம் வெளிமுற்றத்து வேப்பமரத்தடியில் உட்காருவோம். எனக்குப் பிறகு வீட்டுக்கு வந்த அண்ணி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை அய்யா அவிழ்ப்பார். பாதிக்கு மேல் எனக்குத்தான். மகளுடைய சோற்றைச் சாப்பிட முடியாதவர், மகளுக்குச் சோறு ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது வருஷம் நான் ஒரு தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு போனேன். "வீட்டுலதானே சாப்புடக் கூடாது? இது அரண்மனைதானே" என்று வாதம் பண்ணினேன். "அறுப்பு முடிஞ்சு நீங்க மூட்டை கட்டி அனுப்பின அரிசிய்யா இது. உங்க வயலு நெல்லு."

தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். வெகுநேரம் மோந்துகொண்டே இருந்தார். பிறகு மூடி என் பக்கம் நகர்த்திவைத்தார். "அரிசி என்னுது. அடுப்பு மாப்பிள்ளையோடது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சட்டியைக் கவிழ்த்துவிட்டிருப்பேன். அவருடைய வயல் நெல் என்பதால் விட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருஷமும் அவர் வரும் நாளில் விடிகாலையிலேயே எழுந்து விருந்து சமைத்துவிடுவேன். சாம்பார், இரண்டு கறி, உளுந்த வடை, பாயசம். ஒருவேளை மனசு மாறி வந்துவிட்டால்? வர மாட்டார் என்று தெரியும். தெரிந்தும் சமைப்பேன். சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஆறிப்போன விருந்தை நானும் வாத்தியாரும் சாப்பிடுவோம். நல்ல மனுஷர். வடையைப் பிட்டுக்கொண்டே, "மாமாவுக்கு இந்தப் பக்குவம் பிடிக்குமே" என்பார்.

ஏழாவது வருஷம் அய்யா மெலிந்து வந்தார். ஆடியில் நெஞ்சுவலி கண்டு படுத்து எழுந்தவர். மண்டபத்துக்குள் நாலு தூண் நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. வேப்பமரத்தடியில் கொண்டுவந்து உட்காரவைத்தேன். கட்டுச்சோற்றை எடுப்பார் என்று பார்த்தால், கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சோறு எங்கய்யா?"

"கொண்டாரல."

"அண்ணி கட்டித் தரலையா?"

"கட்டுச்சு. நான்தான் வேணாம்னுட்டேன். வா, உன் வீட்டுக்குப் போவோம். பசிக்குது."

சந்தோஷப்பட வேண்டியவள்தான். என்னால் முடியவில்லை. பிள்ளை பிறந்தால் சாப்பிடலாம் என்று இருந்தவர் இப்போது சாப்பிட வருகிறார் என்றால், இனி பிறக்காது என்று முடிவுகட்டிவிட்டார். எனக்கு அப்படித்தான் பட்டது. அவர் என் வீட்டில் சாப்பிடாமல் திரும்பிக்கொண்டிருந்தவரை எனக்கு நம்பிக்கை மிச்சம் இருந்தது.

"அப்ப நீங்களே கைய விட்டுட்டீங்களாய்யா?" என்று கத்தினேன். வாசலில் இருந்த காவல்காரர் எட்டிப் பார்த்தார். "எத்தனையோ பேரு பத்து வருசம் கழிச்சுப் பெத்திருக்காக. உங்களுக்கு என்ன அவசரம்?"

அய்யா கோபப்படவில்லை. மண்டபத்தைக் காட்டினார்.

"நீ என்ன தப்பு செஞ்ச ஆத்தா? நான் என்ன தப்பு செஞ்சேன்? எதுக்கு ரெண்டு பேரும் வருசா வருசம் இந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டு இங்கன உக்காந்திருக்கோம்? உன் சோத்தத் திங்காமலே போயிருவேனோன்னு ஆடியில கெடக்கும்போது பயமா இருந்துச்சு. எந்திரி."

எழுந்தேன். பெரிய வாசலில் அவர் செருப்பை மாட்டிக்கொள்ளும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

முந்தின நாள் உளுந்தை அளந்து ஊறப்போடப் போனவள், 'யார் வரப் போறா' என்று திரும்ப டப்பாவிலேயே கொட்டிவிட்டேன். ஆறு வருஷம் இல்லாத சலிப்பு. காலையில் அடுப்பே மூட்டவில்லை. வீட்டில் தண்ணீர் ஊற்றிய பழைய சோறும், முந்தின ராத்திரி மிஞ்சிய கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும்தான் இருந்தன. கையை விட்டுட்டீங்களா என்று அரண்மனை முற்றத்தில் கத்திவிட்டு வந்தவள், அவருக்கு முன்னாலேயே கையை விட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "ஒரு நாழி இருங்கய்யா, ஒலை வைக்கிறேன்" என்றேன். அவர் அதற்குள் அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். சாம்பல் ஆறிக் கிடந்த அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இனி மறைக்க முடியாது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆறு வருசமும் வடை பாயசத்தோட சமைச்சு வச்சிருந்தேன்ய்யா. இந்த வருசம் மட்டும்தான்..."

"இருக்கிறதப் போடு ஆத்தா" என்று தட்டை எடுத்து அவரே முன்னால் வைத்துக்கொண்டார்.

பழைய சோற்றைப் பிழிந்து வைத்தேன். அதன்மேல் புளிக்குழம்பை ஊற்றினேன். முதல் வாய் எடுத்து வைத்தவர், கொஞ்ச நேரம் மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு விழுங்கிவிட்டு, "உப்புக் கொறச்சல்" என்றார்.

என் சோற்றில் அவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. உப்பு ஜாடியை எடுக்கத் திரும்பி, அழுது முடிக்கும்வரை திரும்பியே நின்றேன். அவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டார்.

எனக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. அய்யா அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். நினைத்தபோதெல்லாம் பஸ் ஏறி வந்தார். அரண்மனைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து, என்ன குழம்பு என்று கேட்பார்.