லிஃப்ட்காரர் வீட்டு இறால்கள்

லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் கேட்பது லிஃப்ட் பழுது பார்க்கும் அவருடைய குரல்தான். "கதவைத் தட்டாதீங்க, நான் வந்துட்டேன். உள்ள யார் யார் இருக்கீங்க?" என்பார். பதில் வந்த பிறகு மோட்டார் அறைக்கு ஏறிப்போய், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, கூண்டை ஏதாவது ஒரு தளத்துக்கு நேராக நிறுத்துவார். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். உள்ளே இருப்பவர் அழுதாலும் அதட்டினாலும் இந்த வரிசை மாறாது. கூண்டு ஒரு மட்டம், தளம் ஒரு மட்டம் என்று இருக்கும்போது திறந்தால் அவசரக்காரர்கள் இடுக்கில் கால் விடுவார்கள்.

வேலையில் இவ்வளவு நிதானமான மனிதருக்கு வீட்டில் மட்டும் கை சும்மா இருக்காது. ஒழுகாத குழாயையும் ஒருமுறை கழற்றி மாட்டுவார். "இந்த வீட்டுல கதவுகூட சத்தம் போடப் பயப்படுது" என்பாள் அவர் மனைவி. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நாள் முழுக்க இயந்திரங்களின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவள் அவள். கொஞ்சம் சத்தம் இருந்தால்தான் அவளுக்கு வீடு வீடாக இருக்கும்.

அப்படிப்பட்டவரிடம்தான் மகள் அந்தக் கண்ணாடி உருண்டையை ஒப்படைத்துவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். பெரிய ஆரஞ்சுப் பழம் அளவுக்கு இருக்கும். உள்ளே தண்ணீர், கொஞ்சம் கூழாங்கல், ஒரு காய்ந்த சுள்ளி, பச்சைப் பாசி. அதற்கு நடுவே அரிசி நீளத்தில் ஐந்து சிவப்பு இறால்கள். அடியில் ரப்பர் அடைப்பான் வைத்து அடைத்த உருண்டை. தீனி போட வேண்டாம், தண்ணீர் மாற்ற வேண்டாம். "ஒண்ணுமே செய்ய வேண்டாம்பா, சும்மா பாத்துக்கோ, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவரால் முடியாத ஒரே காரியம் அதுதான்.

ஆனால் இறால்கள் விஷயத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் மகள் வீட்டோடு கிடந்த வருடத்தில், யாரிடமும் பேசாமல் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவருக்கு ஆறுதல் வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. அவள் அறைக் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார், மேசை விளக்கை மாற்றிக் கொடுத்தார். தான் செய்ய வேண்டியதை அந்த இறால்கள் செய்ததாக அவருக்கு ஒரு எண்ணம் உண்டு.

அதனால்தான் ஐந்து மூன்றானபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாசியும் பழுப்பேறிக் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தது. மகளிடம் மறைக்க மனமில்லாமல் போனில் சொல்லிவிட்டார். 

"திறந்து தொட்டியில விட்டா ரொம்ப வருஷம் இருக்குமாம்பா. நான்தான் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்" என்றாள் அவள். "நீ செய்வியா? இந்த மூணையாவது காப்பாத்தணும்."

செய்வதாகச் சொன்னார். 

மீன் கடைக்காரரிடம் போய்க் கேட்டதில், இவை உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடத்து இறால்கள், கடல் தண்ணீரில் பாதி உப்பு இருந்தால் போதும் என்று தெரிந்தது. சின்னத் தொட்டி ஒன்றும், கடல் மீன்களுக்கென்று விற்கிற உப்பும், உப்பை அளக்கும் கருவியும், பொத்தல் பொத்தலான கறுப்புக் கற்களும் வாங்கி வந்தார். சமையல் உப்பு டப்பாவை நீட்டிய மனைவியைத் திருப்பி அனுப்பினார். தொட்டியை நிரப்பி வெளிச்சத்தில் வைத்துவிட்டு, கற்களில் பச்சை படரும்வரை காத்திருந்தார். அடுத்த அறையில் குடியிருக்கும் மச்சினன் பேக்கரி வண்டி ஓட்டுகிறவன். தினமும் வந்து எட்டிப் பார்த்து, "என்ன மாமா, கல்லு நல்லா நீந்துதா?" என்று கேட்டுவிட்டுப் போவான்.

ஒரு விடுமுறைக் காலையில் உருண்டையைத் துணிமேல் கவிழ்த்து வைத்து, மெல்லிய தட்டைக் கம்பியால் அடைப்பானை நெம்பினார். மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு நாற்றமும் வரவில்லை, ஈர மண் வாசனைதான் வந்தது.

அப்படியே தொட்டியில் கொட்டிவிடலாம் என்றான் மச்சினன். அவர் கேட்கவில்லை. உள்ளே ஒரு உப்பு, வெளியே ஒரு உப்பு, உள்ளே ஒரு சூடு, வெளியே ஒரு சூடு. மட்டம் நேராகாமல் கதவு திறக்கக்கூடாது. உருண்டையிலிருந்து கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதற்குள் விழவைத்தார்.

"டிரிப்ஸ் ஏத்துறீங்களா?" என்றாள் மனைவி. காலைச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள்.

உருண்டை நிரம்பி வழிந்த பிறகும் கொஞ்ச நேரம் விட்டு, கருவியால் அளந்து பார்த்து, வாய் பக்கவாட்டில் இருக்கும்படி அதைத் தொட்டிக்குள் படுக்கவைத்தார். ஒரு இறால் வாசலுக்கு வந்து மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டு வெளியே போனது. பின்னாலேயே இன்னொன்றும் போனது. மூன்றாவது சுள்ளியைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை.

"லேசா ஒரு தட்டு தட்டினா வந்துரும் மாமா."

"ஆள் உள்ள இருக்கும்போது பெட்டியைத் தட்டக்கூடாது மாப்ள" என்றார். "அதுக்குத் தோணுறப்ப வரட்டும்."

மறுநாள் அது கறுப்புக் கல்மேல் மேய்ந்துகொண்டிருந்தது. வீடே ஒரு பிரசவம் நல்லபடியாக முடிந்தமாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் எல்லாம் கெட்டது. சில நாளில் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கியது. இறால்கள் சிவப்பு வெளுத்து, கண்ணாடிபோல ஆகிவிட்டன. மூன்றும் பழைய உருண்டைக்குள் போய் முடங்கிக்கொண்டன. உப்பை அளந்தார், சரியாக இருந்தது. சூடும் சரி. எங்கே பழுது என்று தெரியாத இயந்திரத்தின் முன்னால் நிற்பதைவிட மோசமான நிலை அவருக்குக் கிடையாது. கடைசியில் குழாயை விட்டு அடியைத் துழாவியபோது, கற்களின் இடுக்கிலிருந்து ஊறிப்போன ஏதோ வெள்ளைத் துணுக்குகள் மேலே வந்தன.

மனைவியையும் மச்சினனையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உள்ள என்னென்ன போட்டீங்க?"

மச்சினன் தரையைப் பார்த்தான். பேக்கரித் தட்டில் மிஞ்சுகிற ரொட்டித் தூள் கொஞ்சம், என்றான். இத்தனை வருஷமாக ஒரு வாய் கொடுக்க வழியில்லாமல் இருந்ததே என்று மனசு கேட்கவில்லையாம். மனைவி உடனே அவன்மேல் பாய்ந்தாள், ரொட்டியை யாராவது இறாலுக்குப் போடுவார்களா என்று. பாய்ந்த வேகம் கொஞ்சம் அதிகம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் ஒரு சிட்டிகை, தினமும், அவள் போட்டிருந்தாள்.

"மெலிஞ்சு கிடக்கிற புள்ளைக்கு முட்டை குடுக்கறதில்லையா? அதுமாதிரிதான்" என்றவள், திடீரென்று அவர் பக்கம் திரும்பினாள். "ஆமா, நீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து மீன் தீனிப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பாதிக்கு மேல் காலி. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு சிட்டிகை, திரும்பி வந்ததும் ஒரு சிட்டிகை.

மச்சினன்தான் முதலில் சிரித்தான். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று பேரும் சேர்ந்து மூன்று அரிசிமணிகளுக்கு விருந்து வைத்திருந்தார்கள்.

அழுக்கை உறிஞ்சி எடுத்தார். வாளியில் முன்பே கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டவிட்டார். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. கற்களில் இருக்கும் பாசியே அவற்றுக்குப் போதும். பொட்டலத்தை மனைவி வாங்கி எங்கோ ஒளித்துவைத்தாள். அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தொட்டியின் எதிரே உட்கார்ந்தார். வேலையில்லாத அந்த வருடம் முழுக்க மகள் உட்கார்ந்த நாற்காலிதான் அது. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. கொஞ்சம் பழகிய பிறகு, அவ்வளவு மோசமான வேலையுமில்லை என்று தோன்றியது.

தண்ணீர் தெளிந்தது. ஒருநாள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே தூரத்திலிருந்து ஒரு சிவப்பு தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். மூன்றும் சிவப்பு.

அன்றைக்கு மகள் வீடியோவில் வந்தாள். போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்தார். ரொட்டி, முட்டை, பொட்டலம் எல்லாவற்றையும் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டிருந்தாள். மகள் இறால்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"ஒண்ணு அந்த உருண்டைக்குள்ளயே இருக்கேப்பா. அதை எடுத்துரேன்."

"இருக்கட்டும்மா. அப்பப்ப உள்ள போய் உக்காந்துட்டு வருது. வாசல் திறந்துதானே இருக்கு."

 அடுத்த மாதம் லீவு கேட்டிருப்பதாகச் சொல்லி, வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டாள் அவள்.

"நீ வந்தா போதும்" என்றார். "திங்கிற சாமான் மட்டும் எதுவும் வேண்டாம்."