வாடைக் காத்தும் மரத்தூளும்

எங்கடை வீட்டுக்கு வடக்குப் பக்கத்திலை, முந்தி சைக்கிள் விட்ட கொட்டிலிலைதான் என்ரை வேலை. பழைய கதவு, கதிரை எண்டு ஆக்கள் கொண்டு வந்து தருவினம். மிசினாலை சாண்ட்பேப்பர் பிடிச்சுப் பொலிஷ் அடிச்சுக் குடுப்பன். தொடங்கினது சோளகக் காலத்திலை. தெற்கிலையிருந்து அடிக்கிற காத்து, தூள் முழுக்க வீட்டிலை படாமல் பின் வெறும் வளவுக்குக் கொண்டுபோய் விட்டிடும். காத்து எனக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி எண்டு சொல்லிச் சிரிப்பன்.

ஐப்பசி பிறக்கக் காத்து வாடைக்குத் திரும்பிச்சுது. அதே தூள் இப்ப வீட்டுக்குள்ளை. என்ரை மனிசனுக்குச் சின்னனிலையிருந்து முட்டு வருத்தம். ஒரு கிழமையாய் இழுத்து இழுத்து மூச்சு விட்டவர், கடைசியிலை வாயுக்குள்ளை அடிக்கிற மருந்துப் பம்புக்கும் கேக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கையிருந்து நேரை சுன்னாகத்திலை தன்ரை அக்கா வீட்டை போயிட்டார். கோவிச்சுக்கொண்டு போகேல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோவம்.

அந்த அக்கா, எனக்கு மச்சாள், ஃபோன் எடுத்து, "உந்த மிசினை வித்துப்போட்டு ஒரு தையல் மிசின் வாங்குமன்" எண்டா. எனக்குப் பத்திக்கொண்டு வந்திது. "மச்சாள், மிசினும் இருக்கும், மனிசனும் வருவார்" எண்டுபோட்டு வைச்சிட்டன். வாயாலை சொல்லியாச்சு, இனிச் செய்து காட்டத்தானே வேணும்.

முதலிலை கொட்டிலின்ரை வீட்டுப் பக்க யன்னலைப் பலகை அடிச்சு மூடினன். முத்தம் கூட்டுறமாதிரி தண்ணி தெளிச்சுக் கூட்டிப் பாத்தன். ஈரம் காய்ஞ்ச உடனை தூள் காலோடை எழும்பிச்சுது. பிறகு தூசு இழுக்கிற மிசின் ஒண்டு வாங்கி, அதின்ரை குழாயைத் தேய்க்கிற மிசினிலை பொருத்தினன். நிலம் துப்பரவு. ஆனால் டோர்ச் அடிச்சுப் பாத்தால், மெல்லிய தூள் எல்லாம் பின்பக்கத்தாலை புகை மாதிரி வருது. முன்னாலை இழுத்துப் பின்னாலை துப்புது, சனியன்.

விட்டனா? மூடி போட்ட பெயின்ற் வாளி ஒண்டை இடையிலை வைச்சு, குழாயைச் சரிவாய் விட்டன். காத்து வாளிக்குள்ளை சுத்த, தூளிலை முக்கால்வாசி அடியிலை விழுந்திது. மிச்சக் காத்தை மேற்குச் சுவரிலை துளை போட்டு வெளியிலை எடுத்து, ஊறுகாய்ச் சாடிக்கு வேடு கட்டுறமாதிரி அந்தக் குழாய் வாயிலை பழைய சீலைத் துணியைப் பையாய் இறுக்கிக் கட்டினன். தேய்ச்சு முடிய வீட்டுக்குள்ளை போய்ச் சாமிப்படக் கண்ணாடியை விரலாலை துடைச்சன். விரலிலை ஒண்டுமில்லை. நான் அப்பவும் நம்பேல்லை. வாடை உரமாய் அடிச்ச ஒரு நாளிலையும் தேய்ச்சுத் துடைச்சுப் பாத்துத்தான் "வாங்கோ" எண்டு ஃபோன் எடுத்தன்.

சின்னப் பை ஒண்டோடை வந்தார். ஒரு இரவுக்கான உடுப்புத்தான், மிச்சம் அக்கா வீட்டிலை. கொட்டில் வாசலிலை கதிரையைப் போட்டு இருத்திப்போட்டு, அவற்ரை கண்ணுக்கு முன்னாலை ஒரு வேப்பம் கதவைத் தேய்க்கத் தொடங்கினன். அரைவாசியிலை அவற்ரை கை சேட்டுப் பொக்கற்றுக்குப் போச்சுது. பம்புதான் எண்டு நினைச்சு மிசினை நிப்பாட்டிப்போட்டன்.

எடுத்தது ஃபோன். "அக்கா, என்ரை மற்றப் பெட்டியையும் ஆரிட்டையாவது குடுத்துவிடுங்கோ" எண்டார். பிறகு என்னைப் பாத்து, "ஏனப்பா நிப்பாட்டினனீர்? வேலையைச் செய்யும்" எண்டார்.