கூட உட்கார்ந்தவர்

காலை 8.40. படப்பையில் தாம்பரம் பேருந்தில் ஏறினோம். பதினைந்து கிலோமீட்டர். மகள் ஸ்டெல்லாவுக்கு மகளிர் இலவசம். எனக்குப் பதினைந்து ரூபாய். அன்று அவளுடைய முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு. ஆறு வருட உழைப்பு.

"நீ ஒண்ணும் பேச வேணாம்பா. வந்தவங்க நோட்டுல கையெழுத்து போட்டுட்டு பின்னாடி உக்காரு, போதும்" என்றாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி. நான்கு பேர் நடுவே வாய் திறக்காதவன். அவள் சொல்லியிருக்கவே வேண்டாம்.

9.30. கல்லூரிக்குள் நுழைந்ததும் மரங்கள். சாலையின் இரைச்சல் நின்றுவிட்டது.

10.30. அறையில் இருபது பேர். ஸ்டெல்லா தன் ஆய்வை ஆங்கிலத்தில் விளக்கினாள். மன்னர்கள் ஆண்ட சீனாவுக்குப் போன வெள்ளைக்காரர்கள், தங்களைச் சீன நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்களாம். அவர்கள் ஒரு சீனர்மேல் வழக்குப் போட்டால் சீன நீதிபதி விசாரிப்பார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கூட உட்காருவார். இதை மட்டும் எனக்காகத் தமிழில் சொன்னாள்.

மதுரையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். ஸ்டெல்லா தண்ணீர் குடித்தாள். தாளைப் புரட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள். தேர்வாளர் கொஞ்சம் பொறுத்து, வந்திருப்பவர்களும் கேட்கலாம் என்றார். அது அந்தத் தேர்வின் வழக்கமாம். யாரும் கேட்கவில்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது.

"கூட உக்காந்தவரு பேசலாமா மேடம்? இல்ல, பாக்க மட்டும்தானா?"

யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. "சொல்லுங்க ஸ்டெல்லா. நான் கேட்டதும் அதுதான்."

அவள் என்னைப் பார்த்து, தமிழிலேயே பேசினாள். ஒப்பந்தத்தின் சீனப் பிரதியில் இருந்த ஒரு சொல்லுக்குச் சேர்ந்து விசாரிப்பது என்றும் பொருள் கொள்ளலாம், உடனிருப்பது என்றும் கொள்ளலாம். அந்த ஒரு சொல்லுக்காகத் தூதர்கள் திரும்பத் திரும்ப உட்கார்ந்து பேசி, கூட உட்காரும் அதிகாரி கவனிக்கலாம், பிடிக்காவிட்டால் ஆட்சேபிக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

"எழுதுனது அப்படி. ஆனா பக்கத்துல உக்காந்தவங்க சும்மா இருக்கல" என்று முடித்தாள்.

12.15. பட்டம் உறுதி என்று அறிவித்துக் கை தட்டினார்கள்.

2 மணி. தாம்பரம் பேருந்து நிலையம். எனக்கு நாவலூரில் வேலை இருந்தது.

"அது எப்படிப்பா உனக்குத் தோணுச்சு?"

"சும்மா தோணுச்சுமா" என்றேன். அவள் படப்பை வண்டியில் ஏறினாள்.

என் வண்டி மேடவாக்கம் தாண்டியது. போன வருடம் எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டின் தங்கச் சங்கிலி காணாமல் போய், பிறகு அந்த வீட்டிலேயே கிடைத்தது. நடுவில் ஒரு நாள் எஸ்.ஐ. என்னை விசாரிக்க வந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர், சும்மா பார்க்கத்தான் என்று அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். நின்றபடி நான் பதில் சொன்ன கேள்வி எல்லாம் செயலாளர் கேட்டது. எஸ்.ஐ. டீ குடித்துக்கொண்டிருந்தார்.