கல்லுக்கு இந்தப் பக்கம்

ஸ்ரீரங்கத்தில் வாழைத்தார் ஏற்றும் இடத்தில் மேஸ்திரியோடு கைகலப்பு. அன்றைக்கே பஸ் ஏறி மருங்காபுரிப் பக்கம் போய் இறங்கினேன். ஐம்பதுகளின் கடைசி. காட்டோரம் கடலை போட்டிருந்த ஒருவர் சோறு போட்டுக் காவலுக்கு வைத்துக்கொண்டார். அவரும் அவருடைய தம்பியும் நானும் பரணில் படுப்போம்.

கடலைக் கொல்லைக்கு மேற்கே எல்லைக்கற்கள். அதற்கப்பால் ரிசர்வ் காடு. பன்றி விரட்ட அண்ணனிடம் லைசென்ஸோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. கொல்லைக்குள் சுடலாம், துப்பாக்கியோடு கல்லைத் தாண்டக் கூடாது. போன வருஷம், அடிபட்டு ஓடிய பன்றியைத் தேடி உள்ளே போன அண்ணனைப் பாரஸ்ட் கார்டு பிடித்து, அதே துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்திருக்கிறார். முன்பல் போயிற்று. பிடுங்கிக்கொண்டு போன துப்பாக்கி திரும்பி வருவதற்குள் கொல்லை முழுவதையும் பன்றி உழுதுவிட்டது.

வேல்கம்புக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் உள்ளே போவது தம்பிதான். கல்லைக் கண்டால் அண்ணன் புதுப்பெண் மாதிரி நின்றுவிடுவார் என்று என்னிடம் சிரிப்பான்.

ஒருநாள் விடிகிற நேரத்தில் அண்ணன் சுட்டார். பன்றி விலாவில் குண்டு வாங்கிக்கொண்டு கல்லைத் தாண்டி ஓடியது. தம்பி பின்னால் ஓடினான். முதல் புதரிலேயே அது திரும்பிவிட்டது. வேல்கம்பு முறிந்தது. முழங்காலிலிருந்து மேலே தொடையைக் கிழித்துக்கொண்டு போயிற்று கோரைப்பல். கீழே கிடந்தவனை மறுபடி குத்தியது.

அண்ணன் துப்பாக்கியில் மறுபடி மருந்து கெட்டித்துக்கொண்டு ஓடி வந்தார். கிட்டே போனால்தான் தம்பிமேல் படாமல் சுட முடியும். கல்லருகே வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது.

"அண்ணே, கிட்ட வாங்கண்ணே."

"உருண்டு வந்துடுறா. கல்லுக்கு இந்தப் பக்கம் வந்துடு, சுட்டுடுறேன்."

நான் மண்வெட்டியோடு தாண்டிப் போனேன். பன்றியின் மூஞ்சியில் போட்டேன், அப்புறம் கழுத்தில். எலும்பு உடைகிற சத்தம் கேட்ட பிறகும் போட்டேன். அது அவன்மேலேயே விழுந்து உதைத்துச் செத்தது. அண்ணன் கல்லருகே துப்பாக்கியைக் குறிவைத்தபடியே நின்றார்.

தம்பியை வண்டியில் போட்டு ரோட்டுக்கு, அங்கிருந்து பஸ்ஸில் திருச்சிக்கு. பஸ்ஸின் தரையில் ரத்தம் ஓட, உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள்.

குண்டுபட்ட பன்றி காட்டுக்குள் கிடந்ததால் ரேஞ்சர் ஆஸ்பத்திரிக்கே விசாரிக்க வந்தார். துப்பாக்கி உள்ளே வந்ததா என்பதுதான் கேள்வி. வந்தது என்றால் லைசென்ஸ் போய்விடும், கேஸும் உண்டு. அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

தம்பி ரேஞ்சரையே பார்த்துச் சொன்னான்: "எங்கண்ணன் கல்லைத் தாண்டலைங்க. நான் கத்தக் கத்த, ஒரு அடிகூடத் தாண்டலை."

ரேஞ்சர் திருப்தியாகப் போய்விட்டார். அண்ணன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் தலையை மோதிக்கொண்டார். நெற்றி பிளந்தது. நானும் ஒரு வார்டு பையனும் பிடித்து இழுத்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று, மருங்காபுரி பஸ்ஸில் அண்ணன் துண்டு போட்டுத் தம்பிக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். தம்பி கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றான். ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று என்னிடம் ஏற்கெனவே கேட்டிருந்தான்.

"நீங்க போங்கண்ணே. நான் இந்தப் பக்கமே இருந்துக்கறேன்."

அண்ணன் பஸ் படியில் நின்றுகொண்டிருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். அண்ணன் இறங்கவில்லை.