கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பாடம்

அஜிதாவுக்கு வியட்நாமில் வேலை கிடைத்துவிட்டது என்று முதலில் அறிவித்தது வியட்நாம்காரர்கள் இல்லை, அவளுடைய அம்மா ராகேல். அதுவும் எங்கே? ஞாயிறு ஆராதனையில். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல், 'எங்கள் மகள் அஜிதா வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியை ஆகக் கிருபை செய்ததற்காக' என்று எழுதிப் போட்டுவிட்டாள். போதகர் அதை மைக்கில் வாசித்தார். எங்கள் சபையின் மைக் ஆலயத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் பேசுகிற மைக் இல்லை. மத்தியானச் சோற்றுக்குள் திங்கள்சந்தையைச் சுற்றி நாலு ஊருக்குச் செய்தி போய்விட்டது.

நடந்தது வேறு. அஜிதா நாகர்கோவிலில் பி.ஏ. ஆங்கிலம் கடைசிப் பரீட்சை எழுதி முடித்த கையோடு ஒரு விளம்பரத்துக்கு விண்ணப்பித்தாள். வியட்நாமில் கடலோரத்து ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருடம் உதவி ஆசிரியை வேண்டும் என்றிருந்தார்கள். முதல் நேர்முகத்தில் தேறினாள், அவ்வளவுதான். இனி ஆறு வாரம் இணையத்தில் பயிற்சி. கடைசியில் ஆங்கிலம் சரியாகத் தெரியாத பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்து, அதை வெட்டாமல் ஒட்டாமல் வீடியோவாக அனுப்ப வேண்டும். அது தேறினால்தான் வேலை. இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தாள்.

"கிட்டும்னு விசுவாசிக்கணும் மக்கா. கிட்டின பொறவு விசுவாசிக்கதுக்கு என்ன இருக்கு?" என்றாள் ராகேல். இதற்கு மேல் அவளிடம் யார் வாதாடுவது?

அந்த மே மாதம் முழுக்க அஜிதா படித்த பாடு அவளுக்குத்தான் தெரியும். பயிற்சி கொடுத்தது அந்தப் பள்ளியின் மிஸ் லான். கணினித் திரையில் எப்போதும் ஒரு தேநீர்க் குவளையோடு வருவார். முதல் நாளே, "நீ பேசுவது பாட்டு மாதிரி அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை" என்றார். எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படித்தான். சென்னைக்காரனே இரண்டு தடவை 'என்ன, என்ன' என்று கேட்பான். ஆகவே அஜிதா நிறுத்திப் பேசப் பழகினாள். அப்பா ராஜையன் வாழைக்குலை வியாபாரி. வீட்டுப் பின்கட்டில் சந்தைக்குப் போகக் காத்திருக்கும் ஏத்தன் குலைகளையும் செந்துளுவன் குலைகளையும் உட்காரவைத்து, அவற்றுக்கு வகுப்பெடுத்தாள். குலைகளைப் போல அடக்கமான பிள்ளைகள் கிடைக்குமா? ஆனால் வீடியோவுக்கு அவை ஆகாது.

நிஜப் பிள்ளைகளுக்கு அவள் வெகுதூரம் போகவில்லை. ஆலயத்தில் மே மாதம் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். வி.பி.எஸ். என்போம். பிளஸ் டூ முடித்ததிலிருந்து அவள்தான் அதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அக்கா. இந்த வருடம் நிறைவு விழாவுக்கென்று ஓர் ஆங்கில ஜெபமும் பழக்கியிருந்தாள். 'ரிப்பீட் ஆஃப்டர் மீ' என்று அவள் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். பத்து நாள் பழக்கத்தில் கணீரென்று சொன்னார்கள். இவர்களையே வைத்து எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. புத்திசாலித்தனம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

வீடியோ அனுப்பக் கடைசி நாள் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து பதினைந்து பிள்ளைகளை ஆலயக் கூடத்தில் உட்காரவைத்தாள். கல்லூரித் தோழி லிஜா போனை மூன்றுகால் ஸ்டாண்டில் பொருத்தி, பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டு, யாரும் பைக்கை உறுமவிடாமல் பார்த்துக்கொள்ள வாசல் கேட்டுக்குப் போய்விட்டாள். அஜிதா சார்ட்டைத் தொங்கவிட்டாள். சந்தையில் பழம் வாங்குவது பாடம்.

"ரிப்பீட் ஆஃப்டர் மீ. ஐ ஆம் கோயிங் டு தி மார்க்கெட்."

பதினைந்து வாயும் ஒரே வாயாகச் சொன்னது. ஐ வான்ட் டு பை பனானாஸ். அதையும் சொன்னது. அஜிதாவுக்கு உச்சி குளிர்ந்தது. பதினான்கு நிமிடம் இப்படி வழுக்கிக்கொண்டு போன வகுப்பை ஜெபிஷா என்ற பொடிசு உடைத்தாள்.

"அக்கா, டுடே சண்டே. நோ மார்க்கெட்."

பிள்ளை சொன்னது சத்தியம். ஓய்வுநாளில் வாங்கவும் கூடாது விற்கவும் கூடாது என்று வளர்ந்த வீடுகள் இவை. ராஜையனே ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பை வெட்டமாட்டார். அதைப் போய்த் தப்பு என்று எப்படிச் சொல்வது? வேறு வழி தெரியாமல், "ஓகே. தென் வேர் ஆர் யூ கோயிங் டுடே?" என்று கேட்டாள்.

"மாமி ஹவுஸ். மாமி பேபி கம்."

"இஸ் இட் எ குட் பேபி?"

"நோ அக்கா. ஒன்லி க்ரை."

அவ்வளவுதான், கூடம் கலைந்தது. ஒருவன் வீட்டில் ஆடு இரண்டு குட்டி போட்டிருந்தது. இன்னொருத்தியின் அப்பா சவுதியிலிருந்து நாளைக்கு வருகிறார். எல்லாம் உடைந்த ஆங்கிலத்தில், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சொன்னார்கள். எத்தனை குட்டி, என்ன நிறம், அப்பா என்ன கொண்டுவருவார் என்று அஜிதா கேட்டுக்கொண்டே போனாள். அரைமணி ஆனதும் போனில் வைத்திருந்த மணி அடித்தது. சார்ட்டில் இருந்த பழத்தை யாரும் வாங்கவில்லை.

இரண்டாம் தடவை எடுக்க நேரமில்லை. பிள்ளைகள் கறிச்சோற்றுக்கு ஓடிவிட்டார்கள். பின்பாதி பாழானாலும் முன்பாதி காப்பாற்றும் என்று நம்பி அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் லிஜாவோடு உட்கார்ந்து பார்த்தாள்.

'ரிப்பீட் ஆஃப்டர் மீ' என்றதும் பதினைந்து பிள்ளைகளும் கைகளைக் கூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். பத்து நாளாக அந்த மூன்று வார்த்தையைக் கேட்டால் அவர்கள் செய்தது அதுதானே! அதுகூடப் போகட்டும். முன்னால் நிற்கும் ஆசிரியையும் கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியைச் சுளித்து, வாழைப்பழத்துக்காக உருகி நின்றாள். ஒவ்வொரு தொடர் முடிவிலும் பிள்ளைகள் 'ஆமென்' என்றார்கள். அவளும் சொன்னாள். பதினான்கு நிமிடம்.

"ஏட்டி, இது கிளாஸா, ஜெபக்கூட்டமா?" என்று லிஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அஜிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அடுத்த நாலு நாள் அவள் சோறு இறங்காமல் நடந்தாள். ராகேலோ பெட்டிக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். பயணத் தேதி தெரியுமுன்பே, வரும் ஞாயிறு ஆராதனையில் அஜிதாவை முன்னால் நிறுத்தி வழியனுப்பு ஜெபம் செய்வதென்று போதகர் நாளும் குறித்துவிட்டார். வேலை இல்லை என்று கடிதம் வந்தால் மானம் கப்பலேறும், அதையும் அந்த மைக்கில்தான் சொல்ல வேண்டும். ஆனால் மானத்தைவிடப் பெரிதாக ஒன்று அவளை அரித்தது. எனக்கு வகுப்பெடுக்கத் தெரியாதோ? குலைகளுக்கும் கண்மூடிய பிள்ளைகளுக்கும் மட்டும்தான் நான் டீச்சரோ?

வியாழக்கிழமை அப்பாவோடு குட்டியானை வண்டியில் குலை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ராஜையன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். சிரிப்பை அடக்கத்தான் நிறுத்தினார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"சிரிக்காதீங்கப்பா."

"சிரிக்கல்ல மக்கா. நீ வெப்ராளப்படாத. கிட்டல்லன்னா அம்மைகிட்ட நான் சொல்லுதேன்."

அது போதுமாக இருந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை மிஸ் லான் திரையில் வந்தார், அதே குவளையோடு. அடுக்களையில் ராகேல் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது. ஆங்கிலம் புரியாவிட்டாலும் காது வேலை செய்யும்.

"உங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டுதான் ஆங்கிலம் படிப்பார்களா?" என்று கேட்டார் மிஸ் லான். அவர் குரலில் கேலி இல்லை, அறிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது. அஜிதா உள்ளதை உள்ளபடி சொன்னாள். தேநீர் புரையேற அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"சரி. அந்த முதல் பாதியை நான் மறந்துவிடுகிறேன். பிறகு ஒரு சிறுமி கண்ணைத் திறந்தாள் இல்லையா?"

"ஆமாம், மிஸ். அதோடு பாடம் கெட்டுப்போனது."

"அங்கேதான் தொடங்கியது. முதல் பதினான்கு நிமிடத்தில் பிள்ளைகள் சொன்னதெல்லாம் உனக்கு முன்பே தெரியும். அதற்குப் பிறகு இருபத்துமூன்று கேள்வி கேட்டாய். நான் எண்ணினேன். ஒன்றுக்குக்கூட உனக்குப் பதில் தெரியாது. பதில் வேண்டும் என்று காத்திருந்தாய், மெதுவாகவும் பேசினாய். ஆகஸ்டில் வந்துவிடு."

அஜிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நன்றி என்று சொல்ல வாயெடுத்து, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, கடைசியில் தமிழில்தான் ஏதோ சொன்னாள். அடுக்களையிலிருந்து ராகேல் ஈரக்கையோடு வந்து நின்றாள். அவளிடம் கண்மூடிய கதை முழுவதையும் மறைக்காமல் சொன்னாள் மகள்.

"அதாக்கும் கிட்டிச்சு," என்றாள் ராகேல், ஒரு துளி ஆச்சரியமும் இல்லாமல். "ஜெபத்தோட தொடங்கினேல்லா?" அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய், யாரும் பார்க்காத இடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

மறுநாள் ஆராதனையில் அஜிதா முன்னால் முழங்காலிட்டாள். போதகர் அவள் தலைமேல் கை வைத்து ஜெபித்தார், சபை மொத்தமும் கண்ணை மூடியது. அஜிதா மட்டும், ஏனோ, ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். முதல் வரிசையில் இன்னொரு ஜோடிக் கண் திறந்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் ஜெபிஷா நேராக அவளிடம் வந்தாள்.

"அக்கா, வியட்நாம் மார்க்கெட், வாட் டே?"

"ஐ டோன்ட் நோ," என்றாள் அஜிதா. "போயி கேட்டுட்டுச் சொல்லுதேன்."