பக்கத்துல குந்த ஒரு ஆள்

“யக்கா, நாளைக்கு மத்தியானம் சும்மாதான இருப்ப? ஒரு ஆள் கொறையுது.”

டில்லி இப்படிக் கேட்டபோது ஆட்டோ அடையாறு பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. சிக்னலே இல்லாத இடத்தில் டிராஃபிக் நிற்பது நமக்குப் புதிதா என்ன? கீழே ஆறு, அதன் வழக்கமான கறுப்பில், எங்கும் போகாதது போலப் போய்க்கொண்டிருந்தது.

“எதுக்கு ஆள்?”

“குந்தறதுக்கு.”

“எங்கே?”

“எம் பக்கத்துல.”

டில்லி என் ஆட்டோக்காரர். மார்க்கெட், ஆஸ்பத்திரி, இலக்கியக் கூட்டம்... எல்லாவற்றுக்கும் அவர்தான். குடியை நிறுத்தியவர். அப்படி எழுதினால் கோபித்துக்கொள்வார். “நிறுத்திட்டேன்னு எழுதாத யக்கா. நிறுத்திக்கினு கீறேன்னு எழுது.” எழுதிவிட்டேன். (இதையெல்லாம் எழுத அனுமதி கேட்டேன். பெயர்களை மாற்றச் சொன்னார்கள். மாற்றியிருக்கிறேன்.)

டில்லியின் அண்ணன் சேகர் போன மாதம் இறந்துபோனார். குடிதான். ஈரல் போய்விட்டது. மறுநாள் அவருக்குப் படையல். சேகருக்கு ஒரே மகள், பையன் இல்லை என்பதால் கொள்ளி வைத்ததும் டில்லி, படையல் போடப்போவதும் டில்லி.

மந்தைவெளியில் ஒரு சர்ச்சின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சிலர் கூடுகிறார்கள். குடியை விட்டவர்கள், விடப் பார்க்கிறவர்கள், குடியால் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள். டீ, பிஸ்கட், பேச்சு. அவ்வளவுதான். ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. அவர்களில் ஒருவர் வீட்டில் கல்யாணமோ சாவோ வந்தால், இருவர் போய் அவருக்கு இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள். பேச வேண்டாம். புத்தி சொல்லவே கூடாது. அவர் எழுந்தால் எழ வேண்டும். பந்தலுக்குப் பின்னால் யாராவது கண்ஜாடை காட்டிக் கூப்பிட்டால் கூடவே போக வேண்டும்.

“பாஷா பாய் வராரு. ரமணி சாரும் வராரு. ஆனா அவருக்கு முட்டி மடங்காது யக்கா, தரையில குந்த முடியாது. அதான்.”

“படையல்தானே டில்லி... அதுல என்ன பயம்?”

“வந்து பாரு.”

போனேன். பார்த்தேன். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆற்றோரத்து ஹவுஸிங் போர்டில் தரைத்தளத்து வீடு. வாசலில் பந்தல். சுவரில் மாலை போட்ட சேகர், ரேஷன் கார்டு முகத்தோடு. எதிரே தலைவாழை இலை. வடை, பாயசம், வஞ்சிரம் வறுவல். அப்புறம் ஈரல் வறுவல் — ஆமாம், ஈரல்தான், அவருக்கு அது உயிராம். இலைக்குப் பக்கத்தில் ஒரு கட்டு பீடி, தீப்பெட்டி. அதற்கும் பக்கத்தில் ஒரு குவாட்டர் பாட்டில். மூடி திருகித் திறந்து, கூடவே ஒரு டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் வைத்து, ராஜ மரியாதை.

பாம்பு கடித்துச் செத்தவனுக்குப் படையலில் பாம்பை வைப்பார்களா?

“யார் வெச்சது இதை?” என்று கேட்டேன். நான் மெதுவாகத்தான் கேட்டேன். ஆனால் சின்ன வீட்டில் மெதுவாக என்று ஒன்று கிடையாது.

“நாந்தான் மேடம்,” என்றார் ராணி. சேகரின் மனைவி. கதவுநிலையில் சாய்ந்து நின்றிருந்தார். “ஆசைப்பட்டா வெச்சேன்? வெக்கலன்னா நாளைக்கு இன்னா சொல்லுவாங்க? இருந்தப்பவும் புடுங்கிக் கீழ ஊத்துனா, செத்தப்பறமும் மனுசனைக் காய வுட்டாம்பாங்க.”

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரமணி சார் என் காதருகே குனிந்தார். மயிலாப்பூர் குளத்தெரு ஆள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சொட்டு தொட்டதில்லை. தொட்டது அவர் மகன்.

“எங்காத்துல பாட்டிலே கண்ணுல படலை மேடம். பையன் போனப்போ ஹார்ட் அட்டாக்னு சொன்னோம். பேப்பர்லயும் அதையே போட்டோம். துக்கத்துக்கு வந்தவா அத்தனை பேர்ட்டயும் அதையேதான் சொல்லிண்டிருந்தோம். அவாளுக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும்.” கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். “இந்தப் பொண்ணு தேவலை. கொன்னது எதுன்னு நாலு பேர் பாக்கற மாதிரி வெச்சுட்டா.”

பாட்டிலைப் பார்த்த அதிர்ச்சி ஒன்று. இது அதைவிடப் பெரியது. இரண்டு மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வீடுகள். ஒன்றில் சாவை ஒளித்து வைத்தார்கள், இன்னொன்றில் இலை போட்டு வைத்திருக்கிறார்கள். செத்த பிறகும் குடியை எடுத்துக் கொட்ட மட்டும் இரண்டு வீட்டிலும் ஆளில்லை.

பாயில் டில்லி நடுவில். இடது பக்கம் பாஷா பாய், ராயப்பேட்டை டெய்லர். வலது பக்கம் நான். “நல்லா ஒட்டிக் குந்துங்க ஆப்பா,” என்றார் பாய் என்னிடம். (ஆப்பா என்றால் அக்கா.) “நடுவுல காத்து போனாக்கூட சரக்கு பூந்துடும்.” டில்லி சிரிக்கவில்லை.

கற்பூரம் காட்டியாயிற்று. தாய்மாமன் கன்னியப்பன் முன்னால் வந்தார். பெரிய மீசை, அழுதழுது வீங்கிய முகம். பாட்டிலிலிருந்து டம்ளரில் ஊற்றித் தண்ணீர் கலந்து டில்லியிடம் நீட்டினார்.

“கொள்ளி வெச்சவன் மொத வாய் எடுக்கணும்டா.”

“மாமா, நான் இப்ப...”

“தெரியும்டா. யாரு குடிக்கச் சொன்னா? ஒரு முழுங்கு. நாக்குல பட்டா போதும். உங்கண்ணன் ஆத்மா அலையணுமா?”

டில்லிக்கு ஒரு முழுங்கு என்று ஒன்று கிடையாது. அது அந்த அறையில் கூட உட்கார வந்த எங்கள் மூன்று பேருக்கும் ராணிக்கும் தெரியும். மற்ற அத்தனை பேரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் கெட்டவர் இல்லை. அதுதான் பயங்கரமே. அவர் அன்பாகத்தான் நீட்டினார்.

டில்லியின் முழங்கை என் கையில் இடித்துக்கொண்டிருந்தது. நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது — நின்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. அவர் கை மெல்ல எழுந்தது. பாஷா பாய் அவர் தொடை மேல் உள்ளங்கையை வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்தார்.

“காக்காய்க்கு வெச்சேளா?”

நாற்காலியிலிருந்து வந்தது குரல். ரமணி சார்.

கன்னியப்பன் திரும்பினார். “இன்னாது?”

“காக்காய் எடுக்காம மனுஷா தொடலாமோ? எங்காத்துல தொடமாட்டோம். உங்காத்துல எப்படியோ.”

அறை முழுவதும் ஒரு கணம் யோசித்தது. சம்பிரதாயத்தைச் சம்பிரதாயம்தான் தடுக்கும் போலிருக்கிறது. நானாக இருந்தால் டாக்டர், ஈரல் என்று பாடம் எடுத்திருப்பேன், துரத்தியிருப்பார்கள்.

“அதுவும் நாயந்தான்,” என்றார் கன்னியப்பன். “எல்லாத்துலயும் கொஞ்சம் எட்றா.”

எல்லாத்திலும் என்றால் எல்லாத்திலும்தான். துண்டு இலையில் சோறு, வடை, ஈரல். பக்கத்தில் அந்த டம்ளர். காம்பவுண்டு சுவர் மேல் வைத்துவிட்டு மொத்தக் கூட்டமும் வெயிலில் நின்று கா... கா... என்று கூப்பிட்டது. டில்லிக்கு இரண்டு பக்கமும் நாங்கள், நின்றபடியே ஒட்டிக்கொண்டு.

வந்தன. ஒன்று வடையைத் தூக்கிக்கொண்டு போனது. இன்னொன்று ஈரலுக்குச் சண்டை போட்டு ஜெயித்தது. மூன்றாவது டம்ளர் அருகே வந்தது. தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தது. எட்ட நகர்ந்து, சோற்றைக் கொத்தியது.

இன்னொரு காகம், இன்னொரு பார்வை. டம்ளர் அப்படியே இருந்தது.

“பாத்துக்க மாமா,” என்றார் ராணி, வாசலில் நின்றபடி. “உட்டுட்டாரு.”

கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: “இப்பவாச்சும்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும். கன்னியப்பனும். அவரே போய் டம்ளரை எடுத்தார், ஒருமுறை முகர்ந்தார், சுவரோரம் கவிழ்த்தார். (பாட்டிலில் மிச்சம் இருந்ததே என்று கேட்காதீர்கள். அது பந்தலுக்குப் பின்னால் போனது. ஒரே மத்தியானத்தில் ஊர் திருந்த இது சினிமா இல்லை.)

டில்லியின் உடம்பு அப்போதுதான் தளர்ந்தது. அவரைத் தாங்க எத்தனை கைகள். தோளில் தட்ட, தண்ணீர் கொடுக்க, கட்டிப்பிடிக்க. நானும் அந்தக் கும்பலில் இருந்தேன்.

அதனால்தான் ராணியை யாரும் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போனவர், படையல் முன்னால் காலியாகக் கிடந்த பாயில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். குடிகாரனோடு அத்தனை வருஷம் வாழ்ந்தவர். அவருக்கு எந்தப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? குடிக்கிறவனைச் சுற்றித்தான் கூட்டம் — குடிக்கும்போதும், விடும்போதும்.

ரமணி சார் பார்த்துவிட்டார். வெளியே வராமல் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தார். சுவரைப் பிடித்தார், கதவைப் பிடித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த மடங்காத முட்டியை எப்படியோ மடக்கி ராணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்த ஈரல் வறுவலுக்கு எதிரே, ஒட்டி, சும்மா உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவரை எழுப்ப டில்லி, பாய், கன்னியப்பன் மூன்று பேரும் சேர வேண்டியிருந்தது... தூக்கிவிட எப்போதும் ஆள் வந்துவிடும் போல. பக்கத்தில் குந்தத்தான் குறைகிறது.