படத்தில் இருந்தவரின் மீசை

அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் வேலை போன பிறகு, கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஹோட்டலில் வாசல் கதவு திறந்துவிடும் வேலைக்குப் போனேன். பழைய பங்களாவைத்தான் ஹோட்டல் ஆக்கியிருந்தார்கள். மேனேஜர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வரவேற்பறையில் மாட்டியிருந்த, பங்களாவைக் கட்டியவரின் பழுப்பேறிய படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இருந்தவருக்குக் கன்னம் வரை முறுக்கிய மீசை.

"இதே மாதிரி வளத்துடு. அப்புறம் அதுல கை வைக்கக் கூடாது," என்றார்.

வளர்த்தேன். வந்தவர்கள் என்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். மூன்றாம் வருஷம், முறுக்குவதற்குத் தடவும் மெழுகு ஒத்துக்கொள்ளாமல் மேலுதடு புண்ணாகிச் சீழ் வைத்தது. மழித்தால்தான் ஆறும் என்றார் டாக்டர். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"மீசை இல்லாம உன்னை இங்க நிக்க வச்சு என்னப்பா பண்றது? வேற ஆளைத்தான் பாக்கணும்."

அந்த வாரமே வயதான அம்மா ஒருவர் வந்து படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். படத்தில் இருந்தவரின் கொள்ளுப்பேத்தியாம். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அந்த மீசை நெஜம் இல்லப்பா. அவருக்கு மீசையே வளராது. போட்டோ பிடிச்சவரு மையில வரைஞ்சு விட்டது. படத்தைப் பாத்தவங்க நேர்லயும் தேடுவாங்களேன்னு, சாகுற வரைக்கும் ஒட்டு மீசையோடதான் வெளிய போனாராம். திடீர்னு யாராவது வீட்டுக்கு வந்துட்டா உள்ரூமுக்கு ஓடிடுவாராம்."

கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் கோடு கொஞ்சம் தடித்திருந்தது. நேராக மேனேஜரிடம் போனேன்.

"புண்ணு ஆறுற வரைக்கும் எனக்கும் ஒட்டு மீசை வாங்கிக் குடுங்க சார்."

"கெஸ்ட் எல்லாம் இழுத்துப் பாக்குறாங்கப்பா, கையோட வந்துடும். அந்தம்மா சொன்னதை வெளிய சொல்லாத. வாயை மூடிக்கிட்டு சும்னே இரு."

அன்று சாயங்காலம் ரேசரை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். "எடுத்துடுங்க. வேலை போனாப் போகட்டும்," என்றாள் மனைவி. ஐம்பத்திரண்டு வயதில் எந்த ஒர்க்‌ஷாப் என்னைச் சேர்த்துக்கொள்ளும்? ரேசரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் மீசை முடியை விலக்கி விலக்கிப் பஞ்சால் மருந்து தொட்டு வைத்தாள்.

மெழுகை விட்டு எண்ணெய் தடவி முறுக்கினேன்; மழிக்காமலே ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆனது. இன்னும் அதே வாசலில்தான் நிற்கிறேன். லீவு நாளில் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போனால், மீசை யார் கண்ணிலும் படக் கூடாதென்று முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொள்கிறேன். மூக்கு வரை இழுத்துவிடும்போது மீசை மடங்கிக் குத்துகிறது.